17 குதிரைகள் காணாமல் போன கதை

வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில் இரண்டு டைனோ தாள்களை, அதாவது சக்கரத்துக்கு வரும் திறனை அளக்கும் இயந்திரம் அச்சிட்டுத் தந்த தாள்களை, மடித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் உச்சம் 285 குதிரைத்திறன், மற்றதில் 268. இரண்டுக்கும் நடுவே நான் செய்தது ஒரே ஒரு வேலைதான்: இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் உட்கார்ந்து, சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை மாற்றினேன். இரண்டு நாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, முழங்கை வரை சிவப்பு ஆயில் வழிய வேலை பார்த்து, காசும் கொடுத்து, 17 குதிரைகளைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

டைனோவை இயக்குகிறவர் என் முகத்தைப் பார்த்தார். “ஆட்டோமேட்டிக் சார் இது. லூஸ் கன்வெர்ட்டர், அதாவது அதிகமா நழுவுறது, போட்டா தாள்ல இப்படித்தான் வரும். ட்ராக்ல ஓட்டிட்டு வந்து பேசுங்க” என்றார். எனக்கு அது கடை மூடும் நேரத்துச் சமாதானம் போலத்தான் கேட்டது. நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவன். 285இல் 17 போனால் 268. இதற்கு ட்ராக்கைச் சாட்சிக்கு அழைப்பானேன்?

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 5.7 லிட்டர் வி8, பின்சக்கர இழுவை. நானும் பெட்ரோலும் சேர்ந்தால் 1680 கிலோ. கியர்பாக்ஸ் ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60ஈ. அதன் நான்கு கியர் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. இவற்றில் முதல் இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் வில்லன் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கிறான். பின் ஆக்ஸிலின் கியர் விகிதம் 3.42.

கன்வெர்ட்டருக்கு முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் குட்டைக் குழாய்கள் கொண்ட இன்டேக் மானிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் பாகம்) ஒன்றை மாட்டினேன். டைனோவில் 271ஆக இருந்தது 285 ஆனது. சுளையாக 14 குதிரை. தாளைப் படமெடுத்துத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். மறுவாரம் ட்ராக்கில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடினேன். மானிஃபோல்டுக்கு முன்னால் என் சிறந்த நேரம் 13.55 விநாடி. மாட்டிய பிறகு நான்கு முறை ஓடியும் 13.58க்குக் கீழே வரவில்லை. காற்றில் ஈரம் அதிகம், ட்ராக்கில் பிடிப்பு இல்லை, எனக்குத் தூக்கம் பற்றவில்லை என்று வரிசையாகச் சாக்கு சொன்னேன். ஒன்றையும் நானே நம்பவில்லை.

அந்தத் தாளை மறுபடி எடுத்து நிதானமாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழைய கோடும் புதிய கோடும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகியிருந்தன. 5000 ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுகள்) மேலே புதிய கோடு மேலே போகிறது. 3700க்குக் கீழே அது பழைய கோட்டுக்கு அடியில் கிடக்கிறது. நான் வலது மேல் மூலையில் இருந்த பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்திருக்கிறேன். இத்தனைக்கும் ஆபீஸில் யாராவது மொத்த வருமானத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினால் நான்தான் முதலில் கத்துவேன்.

சரி, டைனோ உண்மையில் எதை அளக்கிறது? நான் போகும் இடத்தில் இருப்பது உருளை வகை. தரைக்குக் கீழே கனமான ஓர் இரும்பு உருளை. வண்டியைப் பட்டை போட்டுக் கட்டிவிட்டுப் பின்சக்கரத்தால் அந்த உருளையைச் சுழற்ற வேண்டும். உருளையின் கனம் முன்பே தெரியும். அது எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்பதை வைத்துச் சக்கரத்துக்கு வந்து சேர்ந்த திறனைக் கணக்கிட்டுவிடலாம். உருளையைக் காந்தத்தால் பிரேக் போட்டு, சுமை கொடுத்து அளக்கிற வகையும் உண்டு. இரண்டிலும் வழக்கம் ஒன்றுதான்: ஒரே கியரில், முடிந்தவரை 1:1 விகிதத்துக்குப் பக்கத்தில், ஒரே இழுப்பு. என் வண்டிக்கு அது மூன்றாவது கியர்.

ஆட்டோமேட்டிக்கில் அந்த ஒரே இழுப்பே ஒரு கலை. மூன்றாவது கியரில் 2500இல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரைப் பக்குவமாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டு மிதித்தால் கியர்பாக்ஸ் ‘இவனுக்கு அவசரம்’ என்று கிக்டவுன் ஆகி இரண்டாவதுக்கு இறங்கிவிடும். கோடு நடுவில் எகிறிக் குதிக்கும், அந்த ஓட்டம் வீண். கணினியில் சொல்லி மூன்றாவதைப் பிடித்து வைத்தால்தான் ஒழுங்கான தாள் கிடைக்கும்.

அப்படிப் பிடித்து 5800 வரை இழுத்தால் உருளையில் வேகம் மணிக்கு 210 கிலோமீட்டரைத் தொடும். உச்சமான 285 வருவது 5200இல், அதாவது மணிக்கு 189 கிலோமீட்டரில். இப்போது ட்ராக்கில் ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச்சீட்டை எடுத்துப் பார்க்கிறேன். கால் மைல் கோட்டை நான் கடப்பது மணிக்கு 168இல். மூன்றாவது கியரில் அந்த வேகத்துக்கு இன்ஜின் சுழல்வது 4600. அப்படியென்றால் நான் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிய அந்த உச்சி, மூன்றாவது கியரில் ட்ராக்கில் ஒருமுறைகூட வந்ததே இல்லை. முதல் கியரின் கடைசியில் ஒரு கணம், இரண்டாவது கியரின் கடைசியில் இன்னொரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. மீதி நேரமெல்லாம் இன்ஜின் அந்தக் கோட்டின் இடது சரிவில்தான் உருண்டுகொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்த வில்லன்: இரண்டு கியருக்கும் நடுவில் ஒரு பள்ளம். முதல் கியரில் 5800 வரை இழுத்து இரண்டாவதுக்கு மாறும்போது விகிதம் 3.06இலிருந்து 1.63க்கு விழுகிறது. கன்வெர்ட்டரில் நழுவலே இல்லை, அதாவது இன்ஜின் கியர்பாக்ஸை முந்திச் சுழலவில்லை என்று வைத்துக்கொண்டால் இன்ஜின் 5800இலிருந்து 3090க்கு இறங்க வேண்டும், ஏறக்குறைய பாதி. மாடிப்படியில் ஓடி ஏறும்போது நடுவில் ஒரு படி இல்லாதது மாதிரி. பழைய கன்வெர்ட்டரும் கொஞ்சம் நழுவும் என்பதால் மீட்டர் முள் 3300இல் நின்றது. என் தாளின்படி 3300இல் சக்கரத்துக்கு வருவது 176 குதிரை. 285 குதிரை வண்டி என்று பெருமை பேசிக்கொண்டு, மணிக்கு 70 கிலோமீட்டரில் ஒவ்வொரு முறையும் 176 குதிரை வண்டியாக மாறி, அங்கிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். குட்டைக் குழாய் மானிஃபோல்டு இன்ஜினை எங்கே பலவீனமாக்கியதோ, சரியாக அங்கேதான் என் கியர்பாக்ஸ் இன்ஜினைக் கொண்டுபோய்த் தள்ளியது. 13.58க்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

கன்வெர்ட்டரை மாற்ற முடிவெடுத்தது இதனால்தான். கன்வெர்ட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளைச் சொல்வார்கள்: ஒன்றைப் போட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். உவமை பாதி தூரம்தான் வரும். இரண்டு விசிறிகளோடு நின்றால் அது வெறும் ஆயில் கப்ளிங். திறனைக் கடத்தும், முறுக்கை (சுழற்றும் விசை, அதாவது டார்க்) ஒரு பங்குகூடப் பெருக்காது. நடுவில் ஸ்டேட்டர் என்று மூன்றாவதாக ஒரு சக்கரம் இருக்கிறது. டர்பைனில் (கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி) மோதித் திரும்பும் ஆயிலை அது மடக்கி, இம்பெல்லருக்கு (இன்ஜின் பக்கத்து விசிறி) உதவுகிற திசையில் அனுப்புகிறது. வண்டி நிற்கும்போது இதனால் முறுக்கு ஏறக்குறைய 2 மடங்கு ஆகும். ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றபோது அவர் மனத்தில் இருந்தது கப்பல். வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழலும் ப்ரொப்பெல்லரோடு இணைப்பதுதான் அவருடைய பிரச்சினை. காருக்கு ப்யூக் நிறுவனம் டைனாஃப்ளோ என்ற பெயரில் 1948இல் கொண்டுவந்தது.

ஸ்டால் என்பது, டர்பைன் அசையாமல் நிற்கும்போது இன்ஜின் எத்தனை ஆர்பிஎம் வரை ஏற முடியும் என்பது. என் பழையது 1800 வாக்கில் நிற்கும். புதியது 3200 என்று பெட்டியில் எழுதியிருந்தது. அந்த எண்ணைச் சட்டையின் காலர் அளவு மாதிரி நினைக்கக் கூடாது. ஸ்டால், இன்ஜின் தருகிற முறுக்கின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதே கன்வெர்ட்டரை 21 சதவீதம் அதிக முறுக்குள்ள இன்ஜினில் மாட்டினால் ஸ்டால் 10 சதவீதம் மேலே போகும். நல்ல விற்பனையாளர் முதலில் உங்கள் இன்ஜினையும் வண்டியின் எடையையும் பின் ஆக்ஸிலையும் கேட்பது அதனால்தான். கேட்காமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள். நான் ஒருமுறை வாங்கினேன். அந்தக் கதை வேண்டாம்.

268 வந்த தாளோடு இரண்டு வாரம் உம்மென்று இருந்தேன். மானிஃபோல்டு கொடுத்த 14ஐ கன்வெர்ட்டர் வட்டியோடு பிடுங்கிக்கொண்டதாகவே பட்டது. அப்புறம் ட்ராக்குக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் என் நண்பன். அதே இன்ஜின், மேனுவல் கியர்பாக்ஸ். அவனுடைய டைனோ தாளில் 296.

“எவ்வளவு வந்துச்சு?” என்று கேட்டான்.

“இருநூத்தி அறுபத்தெட்டு.”

அவன் சிரிக்கக்கூட இல்லை. துக்க வீட்டில் தோளைத் தொடுகிற மாதிரி தொட்டுவிட்டுப் போனான்.

முதல் ஓட்டம். இடது கால் பிரேக்கில், வலது கால் மெதுவாக ஆக்ஸிலரேட்டரில். 2200 வரை ஏற்றிப் பிடித்தேன். அதற்கு மேல் போனால் பின்சக்கரம் பிரேக்கை மீறி நகர ஆரம்பிக்கும். பச்சை விளக்கு எரிந்ததும் இடது காலை எடுத்தேன். இதுவரை நான் பார்க்காத ஒன்றை முள் செய்தது. ஒரே தாவலில் 3300க்குப் போய் அங்கேயே நின்றது. இன்ஜின் சுருதி மாறாமல் அலறிக்கொண்டிருக்க, வண்டி மட்டும் என் முதுகை இருக்கையோடு அழுத்திக்கொண்டு கிளம்பியது. மூக்கு மேலே தூக்கியது. வேகம் ஏற ஏற முள் மெதுவாக நகரத் தொடங்கி, அப்புறம்தான் வழக்கமான ஓட்டம். 1800இல் இந்த இன்ஜினுக்கு 80 சொச்சம் குதிரைதான். 3300இல் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கிளம்பும் அந்த முதல் கணங்களுக்கு டைனோ தாளில் கட்டமே கிடையாது. உருளையின் மேல் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்புவதே இல்லையே.

இரண்டாவது கியர் விழுந்தபோது கண்ணை முள்ளிலேயே வைத்திருந்தேன். 4400. முன்பு 3300இல் விழுந்த அதே இடத்தில், அதே வேகத்தில், 4400. அந்த ஆர்பிஎம்மில் தாளின்படி 250 குதிரை. கன்வெர்ட்டர் நழுவுவதால் அதில் ஆறில் ஒரு பங்கு சூடாகப் போய்விட்டது என்று வைத்தாலும் 208 மிஞ்சுகிறது. முன்பு அங்கே இருந்தது 176. முப்பது குதிரை லாபம், அதுவும் வண்டிக்கு மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்.

நேரச்சீட்டை வாங்கி ஹெல்மெட்டைக் கழற்றாமலே படித்தேன். முதல் 60 அடி: பழையது 2.14 விநாடி, புதியது 1.86. கால் மைல்: பழையது 13.58, புதியது 13.07. கோட்டைக் கடந்த வேகம்: பழையது 167.9 கிலோமீட்டர், புதியது 167.5. இரண்டாவது ஓட்டம் 13.09, மூன்றாவது 13.07. தற்செயல் இல்லை.

17 குதிரையைத் தொலைத்துவிட்டு அரை விநாடியைச் சம்பாதித்திருக்கிறேன். கால் மைலில் அரை விநாடி என்றால் கோட்டில் இருபது மீட்டருக்கு மேல் வித்தியாசம், நாலைந்து கார் நீளம்.

சீட்டில் இருக்கும் இரண்டு எண்களும் வேறு வேறு கதை சொல்கின்றன என்பதை எனக்கு முன்பே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். நேரம் என்பது கிளம்பிய விதத்தையும் வழியில் விழுந்து எழுந்த பள்ளங்களையும் எல்லாம் சேர்த்துக் கூட்டிய தொகை. முதல் 60 அடியில் 0.1 விநாடி குறைத்தால் கடைசியில் 0.15 அல்லது அதற்கு மேலேயே குறையும், ஏனென்றால் அந்த முன்னிலையோடு மீதி தூரம் முழுக்க ஓடுகிறீர்கள். வேகம் என்பது கடைசி 66 அடியில் அளக்கிற சராசரி. கிளம்பும்போது சொதப்பினாலும் அது பெரிதாக மாறாது. இன்ஜின் எவ்வளவு உழைத்தது என்பதுதான் அதில் தெரியும்.

பழைய ட்ராக்காரர்கள் கைவசம் ஒரு கணக்கு உண்டு. இன்ஜினின் குதிரைத்திறனை எடையால் வகுத்து, கனமூலம் எடுத்து, 234ஆல் பெருக்கினால் கோட்டைக் கடக்கும் வேகம் ஏறக்குறைய வந்துவிடும். அது பவுண்டும் மைலும் வைத்த கணக்கு. கிலோவும் கிலோமீட்டருமாக மாற்றினால் பெருக்க வேண்டியது 289. இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். 1680 கிலோ வண்டி 167.9இல் கடந்தால் இன்ஜினில் 328 குதிரை. 167.5 என்றால் 326. டைனோ 17 குறைந்தது என்கிறது, ட்ராக் 2 குறைந்தது என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. கன்வெர்ட்டர் மேல் ஆர்பிஎம்மில் நழுவி இழந்ததில் பெரும் பகுதியை, பள்ளத்தில் விழாமல் காப்பாற்றியதன் மூலம் அதே ஓட்டத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டது. டைனோவில் பள்ளமே இல்லாததால் இழந்தது மட்டும் பதிவாகிறது, திரும்பக் கிடைத்தது பதிவாகவில்லை. வரவுப் பக்கம் இல்லாத பேரேடு.

அந்த 17 எங்கே போனது என்று எனக்கு அப்போதும் தெரிந்தாக வேண்டியிருந்தது. மறுபடி டைனோவுக்குப் போய் மன்னிப்பு மாதிரி எதையோ முணுமுணுத்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. மடிக்கணினியைத் திறந்து, “இப்ப பாருங்க” என்றார். என் கன்வெர்ட்டருக்குள் ஒரு லாக்-அப் கிளட்ச் இருக்கிறது. நிதானமாக ஓடும்போது நழுவலை நிறுத்தி எரிபொருளை மிச்சம் பிடிக்க அது இம்பெல்லர் பக்கத்தையும் டர்பைனையும் நேரடியாகக் கோத்துவிடும். 4000 ஆர்பிஎம்மில் அது பூட்டும்படி கட்டளை கொடுத்துவிட்டு இழுத்தார். 4000 வந்ததும் இன்ஜின் சத்தம் ஒரு படி கீழே இறங்கியது. திரையில் கோடு சட்டென்று மேலே தாவியது. உச்சம் 284.

ஆக 17 குதிரையில் 16 இன்ஜினை விட்டு எங்கும் போகவில்லை, ஆயிலைச் சூடாக்கிக்கொண்டிருந்தன. 17 குதிரை என்பது சுமார் 12.7 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி பன்னிரண்டு பதின்மூன்றை ஒரே நேரத்தில் ஆயில் தொட்டிக்குள் போட்ட மாதிரி. கன்வெர்ட்டரோடு பெரிய ஆயில் கூலரும் வாங்கு என்று சொல்வதற்குக் காரணம் இது. நான் முதலில் கூலரைத் தள்ளிப்போட்டேன். அடுத்தடுத்து நான்கு ஓட்டம் முடிந்ததும் ஆயில் 118 டிகிரியைத் தொட்டது. அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கூலர் மாட்டினேன். ட்ராக்கிலும் லாக்-அப்பைப் போட்டு ஓட்டலாமே என்று கேட்பீர்கள். முழு மிதியில், ஒற்றை வளைய கிளட்சில், மூன்றாவது கியரில் அதைப் பூட்டினால் கொஞ்ச நாளில் கருகிவிடும். 0.4 கிலோமீட்டர் வேகத்துக்காக அந்தப் பந்தயத்தில் இறங்க எனக்கு மனமில்லை.

அன்றைக்குத் திரையில் இன்னொன்றையும் காட்டினார். ஆட்டோமேட்டிக் வண்டியின் டைனோ தாளில் டார்க் கோடு இடது ஓரத்தில் மலைபோல எழுந்து, அப்புறம் சரிந்தால் ஏமாந்துவிடக் கூடாது. கன்வெர்ட்டர் அங்கே முறுக்கைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. அது ஒரு காரணம். ஸ்பார்க் ஒயரிலிருந்து ஆர்பிஎம் எடுக்காமல், உருளை வேகத்தை வைத்து ஆர்பிஎம்மை ஊகித்திருந்தால் இன்னொரு காரணம். உருளை அளப்பது சக்கரத்தின் திறனை. அதை ஆர்பிஎம்மால் வகுத்துத்தான் டார்க் வருகிறது. கன்வெர்ட்டர் நழுவும்போது இன்ஜின் 3300இல் இருக்கும், ஊகித்த ஆர்பிஎம் 2600 என்று காட்டும். சிறிய எண்ணால் வகுத்தால் பெரிய விடை. இல்லாத டார்க் தாளில் முளைத்துவிடும். குதிரைத்திறன் மட்டும் சரியாக இருக்கும்.

நண்பனின் 296க்கு வருகிறேன். என் 13.07ஐப் பார்த்ததிலிருந்து அவன் சரியாகப் பேசவில்லை. அன்றைக்கு அவனுடைய சிறந்த ஓட்டம் 13.31. ஒரு நாள் தாளைக் கொண்டு வரச் சொன்னேன். மூலையில் பொடி எழுத்தில் ‘எஸ்டிடி’ என்றிருந்தது. என் தாள்கள் எல்லாவற்றிலும் ‘எஸ்ஏஈ’. ஓட்டம் நடந்த நாளின் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் ஒரு பொது அளவுக்குத் திருத்துகிற முறைகள் இவை. எஸ்ஏஈ ஜே1349 முறை 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் உலர்ந்த காற்றுக்குத் திருத்தும். எஸ்டிடி இன்னும் குளிர்ந்த, இன்னும் அடர்த்தியான காற்றுக்குத் திருத்தும். அதனால் அதில் எண் 4 சதவீதம் வாக்கில் கூடுதலாகக் காட்டும். 296ஐ 1.04ஆல் வகுத்தால் 284.6.

“என்னடா சொல்ற?” என்றான்.

“பூட்டிப் பார்த்தா என்னோடது 284.”

அவன் அந்தத் தாளைத் திரும்ப மடித்தபோது மடிப்பு கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அவன் காலுக்கு இருக்கிற அளவு வேலை என் காலுக்கு இல்லை. மேனுவலில் கிளட்சை விட்ட விதம் சரியில்லை என்றால் ஒன்று சக்கரம் புகையும், இல்லை இன்ஜின் அமுங்கிப் போகும். அவனுடைய ஒவ்வொரு சீட்டிலும் 60 அடி நேரம் வேறு வேறு. எனக்கு மூன்றும் ஒரே மாதிரி. கியர் மாற்றும்போது அவன் காலை எடுக்கிறான், நான் எடுப்பதில்லை.

இன்னொரு பழக்கமும் எனக்குப் பிடிக்காது. சக்கரத்தில் வந்த எண்ணை எடுத்து, ‘ஆட்டோமேட்டிக் என்றால் 20 சதவீதம் இழப்பு, மேனுவல் என்றால் 15’ என்று கூட்டி இன்ஜின் திறனைக் கண்டுபிடிப்பது. எந்த 268? பூட்டியதா, பூட்டாததா? ஒரே வண்டி, ஒரே இன்ஜின், ஒரே கன்வெர்ட்டர். ஒன்றில் 268, மற்றதில் 284. இரண்டோடும் 20 சதவீதம் கூட்டினால் இரண்டு வேறு இன்ஜின்கள் கிடைக்கும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில் பம்ப் தின்னும் திறன் இன்ஜின் பெரிதானால் அதே விகிதத்தில் பெரிதாவதும் இல்லை.

இப்போது வரும் ஆட்டோமேட்டிக்குகளில் இந்தக் கதை வேறு மாதிரி போகும். இசட்எஃப் 8 கியர் பெட்டியில் பரவலாக இருக்கும் ஒரு விகித வரிசை 4.71, 3.14, 2.10, 1.67 என்று இறங்குகிறது. முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது ஆர்பிஎம் மூன்றில் ஒரு பங்குதான் விழும், என்னுடையது மாதிரி பாதி அல்ல. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளும். பள்ளமும் சிறியது, நழுவலும் குறைவு. ஆனால் அங்கே 1:1 கியர் என்பது ஆறாவது. டைனோவில் ஆறாவதைப் பிடித்து வைத்து முழுதாக மிதித்தால் பெட்டி பிடிவாதமாகக் கீழே இறங்கப் பார்க்கும். பிடித்துவைத்தாலும் உச்சியை எட்டும் முன் வேகக் கட்டுப்பாடு வந்து வெட்டும். அதனால் பலர் நான்காவதிலோ ஐந்தாவதிலோ ஓட்டுவார்கள். அந்த எண்ணை ஆறாவதில் எடுத்த இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது. தாழ்ந்த கியரில் இன்ஜின் தன் பாகங்களையே சீக்கிரம் சுழற்ற அதிகத் திறனைச் செலவழிக்கும், சக்கரத்தில் குறைவாகத் தெரியும். போதாததற்கு, கியர் மாறும் அந்த ஒரு கணத்தில் கிளட்சுகளைக் காப்பாற்றக் கணினி இன்ஜினின் முறுக்கைக் குறைத்துவிடும். முதல் கியரிலும் பல வண்டிகளில் குறைக்கும். ஒரே கியரில் இழுக்கும் டைனோவுக்கு இது எதுவும் தெரியாது.

டைனோவை நான் விட்டுவிடவில்லை. பெட்ரோல் கலவை சரியாக இருக்கிறதா, நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) வருகிறதா, ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கோடு எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ட்ராக்கில் காற்றும் தரையும் என் காலும் சேர்ந்து எண்ணைக் கலக்கிவிடும். இப்போது தாளைக் கையில் வாங்கியதும் முதலில் 3300லிருந்து 5800 வரை விரலால் தடவிப் பார்க்கிறேன். என் வண்டி ட்ராக்கில் வாழும் இடம் அதுதான். கன்வெர்ட்டருக்குப் பிறகு அந்தக் குட்டைக் குழாய் மானிஃபோல்டும் பிழைத்துக்கொண்டது. அது பலவீனமாக இருந்த 3700க்குக் கீழே இன்ஜின் கிளம்பும் நேரத்தைத் தவிர வேறெப்போதும் போவதில்லை. இரண்டிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போதுகூட முள் இப்போது 4500க்குப் பக்கத்தில் நிற்கிறது. அன்றைக்கு நான் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் அந்த அலுமினியத்துக்குக் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருக்கும்.

அடுத்ததாகப் பின் ஆக்ஸிலை 3.42இலிருந்து 3.73க்கு மாற்றப் போகிறேன். பாகம் வந்து ஷெட்டில் கிடக்கிறது. கோட்டைக் கடக்கும்போது இன்ஜின் 4600க்குப் பதில் 5000க்குப் பக்கத்தில் சுழலும், அந்த உச்சிக்குக் கொஞ்சம் நெருக்கமாக. டைனோவில் இதற்கு ஒரு குதிரைகூட ஏறாது. உருளை வேகம் மாறுவதால் ஒன்றிரண்டு குறைந்தாலும் குறையும். நண்பன் நேற்று போன் செய்து, மாற்றியதும் தாள் எடுத்து அனுப்பு என்றான். ட்ராக்குக்கு மட்டும்தான் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அந்தக் கன்வெர்ட்டர் மேனுவலுக்கு வராதுல்ல?” என்று கேட்டான்.